உங்களுக்குக் கேட்கும் பக்கம்

அக்கா,

போன வாரம் வீடு காலி செய்வதற்காகப் பையனின் அலமாரியில் இருந்த துணியையெல்லாம் அள்ளிக் கட்டிலில் கொட்டினேன். அலமாரிக் கதவின் உட்பக்கம், என் முழங்கால் உயரத்தில், ஆரஞ்சு நிறப் பொட்டுகள் மூன்று வரிசையாக ஒட்டியிருந்தன. சுண்டுவிரல் நகத்தளவுதான். ஒவ்வொன்றுக்கும் பிய்த்தெடுக்கத் தோதாக ஒரு சின்ன வால். இத்தனை வருஷமாக அந்தக் கதவைத் திறந்து மூடியிருக்கிறேன், தொங்கிய சட்டைகள் மறைத்துக்கொண்டு இருந்திருக்கின்றன. பார்த்தவுடன் தெரிந்துவிட்டது. உங்கள் காது மெஷினில் போடும் பேட்டரியின் ஸ்டிக்கர்கள்.

பையனுக்கு இப்போது பதின்மூன்று வயது. அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தவன் எட்டிப் பார்த்து, "இவி எவரு அன்டிஞ்சாரு?" என்றான். யார் ஒட்டியது என்று ஒட்டியவனே கேட்கிறான். நான் தமிழில் கேட்டால் தெலுங்கிலோ இங்கிலீஷிலோ பதில் சொல்லும் வழக்கத்தில் இன்றுவரை ஒரு மாற்றமும் இல்லை அக்கா.

"நீதான்டா ஒட்டுன. எதிர் வீட்டு ஆன்ட்டிய ஞாபகம் இருக்கா?"

"பிஸ்கட் டின் ஆன்ட்டி?"

"அவங்கதான். அவங்களுக்கு உடம்புல ஒரு குறை உண்டு. என்னன்னு சொல்லு பாப்போம்."

டேப்பைப் பல்லால் கடித்துக்கொண்டே கொஞ்ச நேரம் யோசித்தான். "ஷுகர்?" என்றான்.

எனக்குச் சிரிப்பு வந்தது. பாதியிலேயே நின்றும் போனது. உங்களுக்கு நான் எழுத வேண்டிய கடிதம் ஒன்று ஏழு வருஷமாகப் பாக்கி இருக்கிறது. அது நான் சொன்ன ஒரு பொய்யைப் பற்றியது. அது உங்களுக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியும் என்பது எனக்கும் தெரியும். வாயைத் திறந்து மன்னிப்புக் கேட்கத்தான் எனக்கு முடியவில்லை. நேற்று ஒன்று நடந்தது. அதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

இந்தக் குஷாய்குடா வீட்டுக்கு நாங்கள் குடிவந்தபோது பையனுக்கு மூன்றரை வயது. என் வீட்டுக்காரருக்குப் பக்கத்திலேயே எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் வேலை. பெயருக்குத்தான் பக்கம், மாதத்தில் பாதி நாள் வெளியூரில் மெஷின் பொருத்தப் போய்விடுவார். எனக்கு ஆபீஸ் கச்சிபௌலியில். ஊரின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி. கம்பெனி பஸ்ஸில் போக ஒன்றரை மணி நேரம், வர இரண்டு மணி நேரம்.

வந்த அன்றைக்கே லிஃப்ட் வாசலில் உங்களைப் பார்த்தேன். எதிர் வீட்டில் தமிழ்க்காரர்கள் இருக்கிறார்கள் என்று வாட்ச்மேன் சொல்லியிருந்த சந்தோஷத்தில், உங்களுக்கு இடது பக்கமாக நின்றுகொண்டு, "நாங்க எதிர் வீட்டுக்கு வந்திருக்கோம்" என்றேன். நீங்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும் என்பது தெரிந்ததுதானே. என்ன தலைக்கனம் இந்த அம்மாவுக்கு என்று அவரிடம் பொரிந்து தள்ளினேன். மறுநாள் காலை நீங்களே வந்து கதவைத் தட்டினீர்கள். கையில் ஒரு செம்பு பால்.

"நேத்து நீ ஏதோ பேசினியாமே, வாட்ச்மேன் சொன்னான். மா, எனக்கு இந்தக் காது அஞ்சு வயசுலயே ரிட்டயர்டு. பொன்னுக்கு வீங்கி வந்து போச்சு. பென்ஷனும் குடுக்கல. இன்னொரு காது மெஷின் போட்டா கேக்கும். ஏதானா சொல்லணும்னா இந்தப் பக்கம் வா."

நான் அசடு வழிந்துகொண்டு உங்கள் வலது பக்கம் வந்து நின்றேன். சிக்கந்தராபாத்தில் மூன்று தலைமுறையாக இருக்கும் கத்தோலிக்கக் குடும்பம் என்றீர்கள். அப்பா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில், நீங்கள் ரயில்வே ஆபீஸில் டைப்பிஸ்டாக இருந்து ரிட்டயர் ஆனவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. "பொண்ணு கேட்டு வந்தவங்க எல்லாரும் அந்தப் பக்கமா நின்னு கேட்டுட்டாங்க போல" என்று சொல்லிவிட்டு நீங்களே சிரித்தீர்கள். தமிழுக்கு நடுவே தெலுங்கும் உருதுவும் புகுந்து விளையாடும் உங்கள் பேச்சு கோவில்பட்டிக்காரியான எனக்கு முதலில் பாதிதான் புரிந்தது. ஆமாம் என்பதற்கு ஹவ், வேண்டாம் என்பதற்கு நக்கோ, ஏன் என்பதற்குக் கைக்கு. ஒரு மாதத்தில் பழகிவிட்டது. யாரும் எனக்கு உட்கார்ந்து பாடம் எடுக்கவில்லை.

பையனைப் பள்ளியில் சேர்த்தபோது, மூன்றரை மணிக்கு வேனில் வந்து இறங்குகிறவனை நான் வரும்வரை யார் பார்ப்பது என்று நான் புலம்பிக்கொண்டிருந்தேன். "நான் இருக்கேன்ல, நீ கைக்கு டென்ஷன் ஆவறே?" என்றீர்கள். அன்றிலிருந்து ஒன்றரை வருஷம் அவன் சாயங்காலங்கள் உங்கள் வீட்டில்தான் கழிந்தன. பிஸ்கட் டின், கலர் பென்சில், பால்கனிப் புறா.

பத்து நாளைக்கு ஒரு தடவை பேட்டரி மாற்றுவீர்கள். அது அவனுக்குத் திருவிழா. புது பேட்டரியின் ஸ்டிக்கரைப் பிய்த்து அவன் விரல் நுனியில் ஒட்டுவீர்கள். பிய்த்ததும் மெஷினில் போடக் கூடாது, ஒரு நிமிஷம் காற்றுப் பட வைக்க வேண்டும். அந்த ஒரு நிமிஷத்தை எண்ணுவது அவன் வேலை. மெஷினைக் கழற்றியிருப்பதால் அப்போது உங்களுக்கு ஒன்றும் கேட்காது. அவன் உங்களுக்கு எதிரில் முகத்தை நிமிர்த்தி, வாயை நன்றாகத் திறந்து, ஒண்ணு, ரெண்டு என்று எண்ணுவான். நீங்கள் அவன் உதட்டைப் பார்த்துத் தலையாட்டுவீர்கள். வீட்டுச் சுவரில் நான் ஒட்டிவைத்திருந்த தமிழ் எழுத்து அட்டையை அவன் ஒரு நாளும் ஏறெடுத்துப் பார்த்ததில்லை. ஆனால் அறுபதுவரை தமிழில் எண்ணினான். இன்றைக்கும் மைக்ரோவேவ் முன்னால் நிற்கும்போது அவன் வாய் தமிழில்தான் முணுமுணுக்கிறது. எங்கே படித்தாய் என்று கேட்டால் முழிக்கிறான்.

ஒரு சனிக்கிழமை நானும் உங்கள் வீட்டில் இருந்தேன். நீங்கள் டைப்பிஸ்டாக இருந்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தீர்கள். அவன் இங்கிலீஷ் எழுத்துகள் படித்துக்கொண்டிருந்த சமயம். டைப் அடிக்கும் மெஷினில் கே எங்கே இருக்கும் என்று கேட்டான். நீங்கள் பதில் சொல்ல வாயைத் திறந்துவிட்டு அப்படியே நின்றீர்கள். பிறகு இரண்டு கைகளையும் சாப்பாட்டு மேஜையில் வைத்தீர்கள். வலது கை நடுவிரல் ஒரு தட்டுத் தட்டியது. அந்த விரலைக் குனிந்து பார்த்துவிட்டு, "தோ, இங்க" என்றீர்கள்.

"என்னக்கா, இவ்வளவு வருஷம் அடிச்சிட்டு யோசிக்கிறீங்க?" என்றேன்.

"எனக்குத் தெரியாது மா. விரலுக்குத்தான் தெரியும். அதக் கேட்டுட்டுத்தான் நான் சொல்றேன்."

அடுத்தவர் எழுதிய புரோகிராமில் பிழை கண்டுபிடிப்பது என் தொழில். இதைச் செய், பிறகு இதைச் செய் என்று வரிசையாக எழுதிவைக்காத எதுவும் கற்றதில் சேர்த்தியில்லை என்பது என் கட்சி. சின்ன வயதில் வேண்டுமானால் தானாக ஏறும் அக்கா, நம்மை மாதிரி வளர்ந்தவர்களுக்கு எழுதிப் படித்தால்தான் ஏறும் என்று சொன்னேன்.

"நக்கோ மா, அப்டியெல்லாம் இல்ல. பெரியவங்களுக்கும் ஏறும். ஏறினது தெரியாது, அவ்ளோதான்" என்றீர்கள்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கடிதத்துக்கே அர்த்தமில்லை. உங்கள் கேட்காத பக்கத்தை நாங்கள் வசதியாகப் பயன்படுத்திக்கொண்டோம். உங்கள் வீட்டில் பேச்சு நீண்டுபோனால் அவர் உங்களுக்கு இடது பக்கமாக வந்து நின்று, "போதும், கிளம்பு" என்பார். நீங்கள் ஆசையாக வைத்துக் கொடுத்த மீன் குழம்பில் புளி தூக்கல் என்று நான் அதே இடத்தில் நின்று அவரிடம் சொல்லியிருக்கிறேன். கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது. உங்கள் மனது நோகக் கூடாது என்பதற்காகத்தான் என்றுகூட எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பையன் தரையில் உட்கார்ந்து கலர் அடித்துக்கொண்டிருப்பான். அவனுக்கு இதெல்லாம் எங்கே புரியப்போகிறது என்று இருந்துவிட்டேன்.

அவன் யூகேஜி முடிக்கும் சமயத்தில் கிளாஸ் டீச்சர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். இவன் யார் பேசினாலும் தலையைச் சாய்த்து வலது காதைக் கொடுக்கிறான், இடது பக்கமிருந்து கூப்பிட்டால் உடம்போடு திரும்புகிறான், டீச்சரிடம் எது சொல்ல வேண்டுமானாலும் சுற்றிக்கொண்டு வந்து வலது பக்கம் நின்றுதான் சொல்கிறான், ஒரு தடவை காதைப் பார்த்துவிடுங்கள் என்றார். ஒன்றாம் வகுப்புக்குப் பெரிய பள்ளி ஒன்றில் சீட் கேட்டிருந்தோம். நேர்முகத் தேர்வுக்கு மூன்று வாரம்தான் இருந்தது.

லீவு போட்டுவிட்டுக் காது ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். கண்ணாடி அறைக்குள் பெரிய ஹெட்போனை மாட்டி அவனை உட்கார வைத்தார்கள். சத்தம் கேட்கும்போதெல்லாம் ஒரு மரக்கட்டையைக் கூடையில் போட வேண்டும். நான் வெளியே நின்று அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு கட்டை விழும்போதும் எனக்குப் போன உயிர் வந்தது. எல்லாக் கட்டைகளும் விழுந்தன. இரண்டு காதும் பழுதில்லை.

பரிசோதித்த பெண் சின்ன வயதுக்காரி. தெலுங்கில், வீட்டில் யாருக்காவது ஒரு பக்கம் காது கேட்காதா என்று கேட்டாள். வீட்டில் இல்லை, எதிர் வீட்டில் என்று உங்களைப் பற்றிச் சொன்னேன். அவள் சிரித்துவிட்டு "அன்தே மேடம்" என்றாள், அவ்வளவுதான் விஷயம் என்று. பிள்ளைகள் யாரிடம் ஒட்டிக்கொள்கின்றனவோ அவர்களுடைய நடையையும் பேச்சையும் அப்படியே எடுத்துக்கொள்ளும், யாரும் சொல்லித்தர வேண்டாம், அதுவாக வந்தது அதுவாகப் போய்விடும், கண்டுகொள்ளாதீர்கள் என்றாள்.

ஆட்டோவில் திரும்பும்போது முதலில் நிம்மதியாகத்தான் இருந்தது. மெட்டுகுடா தாண்டுவதற்குள் அது கோபமாக மாறிவிட்டது. உங்கள் மேல் கோபம். நீங்கள் என்ன செய்தீர்கள்? என் பிள்ளைக்குப் பிஸ்கட் கொடுத்தீர்கள். இருந்தாலும் அவன் தலையைச் சாய்த்துக்கொண்டு அந்தப் பெரிய பள்ளியில் போய் நிற்பதும், குறையுள்ள பிள்ளை என்று அவர்கள் காகிதத்தில் குறிப்பதும் என் கண் முன்னால் வந்துகொண்டே இருந்தது. அந்தப் பெண் கண்டுகொள்ளாதீர்கள் என்றுதான் சொன்னாள். நான் கேட்கவில்லை.

அன்று சாயங்காலமே உங்கள் கதவைத் தட்டினேன். வலது பக்கம் நின்று, உங்களுக்கு நன்றாகக் கேட்கும்படி சொன்னேன். "அக்கா, ஸ்கூல்லயே டே-கேர் ஆரம்பிச்சிருக்காங்க. இனிமே அங்கயே இருந்துட்டு வரட்டும்னு பாக்கேன்."

அப்படி ஒன்று பள்ளியில் கிடையாது. இரண்டு தெரு தள்ளி ஒரு பெண்மணி நடத்தும் டே-கேரில் இடம் பேசியிருந்தேன். "ஹவ் மா, அதுவும் நல்லதுதான். நாலு பிள்ளைங்களோட இருப்பான்" என்றீர்கள். உள்ளே போய் அவன் கலர் பென்சில் டப்பாவையும் ஒரு ஜோடிச் செருப்பையும் எடுத்துவந்து கொடுத்தீர்கள். பையன் என் துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

நேர்முகம் முடிந்தது, சீட்டும் கிடைத்தது. அந்தத் தலைச்சாய்ப்பும், அவள் சொன்ன மாதிரியே, வந்த வழி தெரியாமல் போய்விட்டது. பிறகுதான் அந்தக் காலை வந்தது.

நானும் பையனும் லிஃப்ட்டில் ஏறினோம். நீங்களும் கூடையோடு ஏறினீர்கள். எல்லாரும் கதவைப் பார்த்து நிற்போம், நீங்கள் மட்டும் எப்போதும் உள்பக்கக் கண்ணாடியைப் பார்த்து நிற்பீர்கள். முடியைச் சரிசெய்துகொள்கிறீர்கள் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அன்றும் அப்படித்தான் நின்றீர்கள்.

"என்னடா கண்ணு, ஸ்கூல்லயே டிபன் குடுக்கறாங்களா?" என்று அவனைக் கேட்டீர்கள்.

உங்கள் வலது பக்கம் நின்றுகொண்டிருந்தவன், பின்னால் நழுவி, உங்கள் இடது பக்கத்துக்கு வந்தான். அங்கிருந்து என்னைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தி, "அம்மா, ஏமி செப்பாலி?" என்றான். என்ன சொல்ல வேண்டும் என்று கேட்கிறான். ஐந்தே முக்கால் வயது அக்கா அவனுக்கு. அந்தப் பக்கம் போய்ப் பேசினால் உங்களுக்குக் கேட்காது என்று நான் அவனுக்கு ஒரு நாளும் சொன்னதில்லை.

அந்த இடத்திலாவது நான் நிறுத்தியிருக்கலாம். "ஆமான்னு சொல்லு" என்று நானும் அவன் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்திச் சொன்னேன்.

அவன் சுற்றிக்கொண்டு திரும்ப உங்கள் வலது பக்கம் வந்தான். முகத்தை நிமிர்த்தி, வாயை நன்றாகத் திறந்து, பேட்டரிக்கு எண்ணுவானே அதே தெளிவோடு, "ஆமா ஆன்ட்டி, அங்கயே குடுக்கறாங்க" என்றான். எனக்கு ஒரு நாளும் தமிழில் பதில் சொல்லாத பிள்ளை சொன்ன முழுத் தமிழ் வாக்கியம் அது. உங்களிடம் கற்றதையெல்லாம் வைத்து உங்களிடமே பொய் சொன்னான். பொய் மட்டும் என்னிடம் கற்றது.

நீங்கள் அவன் கன்னத்தைத் தட்டிக் கொடுத்தீர்கள். கீழே லிஃப்ட் நின்றதும் அவன் வேனைப் பார்க்க ஓடினான். நீங்கள் ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டு என் பக்கம் திரும்பினீர்கள்.

"மா, லிஃப்ட்ல கண்ணாடி இருக்கு. நான் தல சீவறதுக்கா அதப் பாத்துட்டு நிக்கறேன்?"

கோபமே இல்லாமல்தான் சொன்னீர்கள். எதிர்த்தாற்போல் நிற்பவர்களின் வாயைப் பார்த்தே பாதிப் பேச்சைப் புரிந்துகொள்கிறவர், பின்னால் நிற்பவர்களின் வாயைக் கண்ணாடியில் பார்த்துவந்திருக்கிறீர்கள். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல் இருந்தது. புளி தூக்கல், போதும் கிளம்பு, எல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. உங்கள் வரவேற்பறையில், நீங்கள் உட்காரும் நாற்காலிக்கு எதிரிலும் ஒரு கண்ணாடி மாட்டியிருந்தீர்கள். மன்னிச்சிருங்க அக்கா என்று இரண்டே வார்த்தை சொல்லியிருந்தால் போதும். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டேன்.

அதற்குப் பிறகு எட்டு மாதம் இருந்தது எனக்கு. எட்டு மாதமும் உங்கள் கதவுக்கும் என் கதவுக்கும் நடுவே ஆறடிதான். நாளைக்குச் சொல்லலாம், ஞாயிற்றுக்கிழமை சாவகாசமாகப் போகலாம் என்று தள்ளிப்போட்டேன். கிறிஸ்துமஸுக்கு நீங்களே குல்குல் பலகாரமும் கேக்கும் ஒரு தட்டில் வைத்துக் கொண்டுவந்தீர்கள். உங்கள் வலது பக்கம் நின்று "தேங்க்ஸ் அக்கா" என்பதோடு நிறுத்திக்கொண்டேன். பையன் உள்ளறையிலிருந்து வெளியே வரவில்லை. வெட்கப்படும்போது ஒளிந்துகொள்வதையும் அவன் என்னைப் பார்த்துத்தான் பழகியிருக்க வேண்டும். நான்தான் காலையில் உங்கள் லிஃப்ட் சத்தம் அடங்கின பிறகு கதவைத் திறக்கிறவளாக ஆகிவிட்டேனே.

மார்ச்சில் ஒரு நாள் நெஞ்சு வலிக்கிறது என்று ஆஸ்பத்திரிக்குப் போன நீங்கள் திரும்பவில்லை. வாட்ச்மேன் எனக்குப் போன் செய்தபோது நான் கச்சிபௌலியில் இருந்தேன். டிராஃபிக்கில் மாட்டி நான் வந்து சேர்ந்தபோது உங்கள் தம்பி வீட்டார் உங்களை அடக்கத்துக்கு எடுத்துப்போய்விட்டார்கள். பூட்டிய கதவில் உங்கள் கைப்பட எழுதிய தாள் அப்படியே இருந்தது, பெல் அடித்தால் கேட்காது, பலமாகத் தட்டவும் என்று. நான் அன்று அந்தக் கதவைத் தட்டினேன் அக்கா. பைத்தியக்காரத்தனம்தான்.

இந்த வருஷம் ஆபீஸில் இரண்டு நாள் பயிற்சி வைத்தார்கள். அடுத்தவர் பேசும்போது எப்படிக் கேட்பது என்று சொல்லித்தரும் பயிற்சி. பேசுகிறவர் முகத்தைப் பார், நடுவில் குறுக்கிடாதே, உன் முறை வரும்போது தெளிவாகச் சொல் என்று திரையில் போட்டுக் காட்டினார்கள். நான் பக்கம் பக்கமாக எழுதிக்கொண்டேன். சாப்பாட்டு இடைவேளையில் என்னோடு வேலை செய்யும் பெண் கேட்டாள், "இதெல்லாம் நீ எழுதணுமா? நீ எப்பவும் இப்படித்தானே கேப்ப? அது இருக்கட்டும், மீட்டிங்ல நான் எங்க உக்காந்தாலும் நீ ஏன் நாற்காலிய இழுத்துட்டு வந்து என் வலது பக்கமே உக்கார்ற?"

நான் இல்லவே இல்லை என்றேன். அன்று முழுக்க என்னை நானே கவனித்தேன். அவள் சொன்னது சரி. தண்ணீர் பிடிக்கும் இடத்தில், பஸ்ஸில், வரிசையில், பேச வேண்டும் என்றால் என் கால் தானாகச் சுற்றிக்கொண்டு போய் அடுத்தவரின் வலது பக்கம் நிற்கிறது. என்றைக்குக் கற்றேன் என்று யோசித்துப் பார்த்தேன், பிடிபடவில்லை. அந்த ஒன்றரை வருஷத்தில் ஏதோ ஒரு நாள். ஏறினது தெரியாது என்று நீங்கள் சொன்னது நினைவுக்கு வந்து பாத்ரூமில் போய் அழுதேன்.

அதற்குப் பிறகு பையனையும் கவனிக்க ஆரம்பித்தேன். தலைச்சாய்ப்பு உங்களைப் பார்த்து அவன் எடுத்துக்கொண்டது, அது போய்விட்டது. உங்களுக்காக அவன் பழகிக்கொண்ட வேறொன்று போகவே இல்லை. பேசுவதற்கு முன்னால் வலது பக்கம் வருவான். முகம் தெரிய நிற்பான். எதிராளி புரிந்துகொண்டாரா என்று பார்த்த பிறகுதான் அடுத்த வார்த்தை. கீழ் வீட்டுப் பெரியவர், இந்தக் காலத்தில் இப்படிப் பேசும் பிள்ளை உண்டா என்று என்னிடம் மெச்சிக்கொண்டார். வளர்த்த பெருமை எனக்கு என்று அவர் நினைத்துக்கொண்டார்.

நேற்று கல்லறைத் திருநாள். வீட்டை விட்டுப் போவதற்கு முன்னால் ஒரு தடவையாவது உங்களைப் பார்த்துவிட வேண்டும் என்று அவனையும் கூட்டிக்கொண்டு சிக்கந்தராபாத் வந்தேன். ஏழு வருஷத்தில் இதுதான் முதல் தடவை, அதையும் ஒத்துக்கொள்கிறேன். சாமந்திப் பூவும் மெழுகுவத்தியும் வாங்கினோம். கூட்டத்தில் உங்கள் பெயரைத் தேடி அலைந்து, ஒருவழியாகக் கண்டுபிடித்தோம். உங்கள் தம்பி வீட்டார் காலையிலேயே வந்து சுண்ணாம்பு அடித்துவிட்டுப் போயிருந்தார்கள்.

கல்லறையின் ஒரு பக்கம் வேப்பமர நிழல். நான் அங்கே ஒதுங்கி நின்றேன். மறுபக்கம் நல்ல வெயில், போதாததற்குப் பக்கத்துக் கல்லறைக்கும் உங்களுக்கும் நடுவே ஒரு ஆள் நுழையும் இடம்தான். பையன் மெழுகுவத்தியை வைத்துக்கொண்டு உங்கள் கால்மாட்டைச் சுற்றி, அந்தச் சந்தில் நுழைந்து, வெயிலில் போய் நின்றான்.

"இங்க நிழல்ல வந்து நில்லேன்டா. அங்க ஏன் போன?"

"ஊரிகே" என்றான். சும்மாதான்.

எனக்கு ஏதோ உறைத்தது. சிலுவை தலைமாட்டில் இருக்கிறது. அப்படியென்றால் தலை அங்கே, கால் இங்கே, மல்லாந்து படுத்திருக்கிறீர்கள். என் வலது கையைத் தூக்கிப் பார்த்து, உடம்பைத் திருப்பி, மனதுக்குள் உங்களைப் படுக்க வைத்துக் கணக்குப் போட்டேன். பக்கத்தில் இருந்தவர்கள் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள். இரண்டு தடவை போட்டும் அதே விடைதான் வந்தது. அவன் நின்றது உங்கள் வலது பக்கம். நான் இத்தனை நேரமும் உங்களுக்குக் கேட்காத பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

நானும் சுற்றிக்கொண்டு போனேன். அந்தச் சந்தில் அவன் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தேன். உங்கள் முகம் இருக்கும் இடத்தைப் பார்த்து, வாயை நன்றாகத் திறந்து சொன்னேன்.

"அக்கா, ஸ்கூல்ல டே-கேர்னு ஒண்ணு கிடையவே கிடையாது. நான் பொய் சொன்னேன். பிள்ளையையும் சொல்ல வச்சேன். அந்தப் பக்கம் நின்னு பேசுனது எல்லாம் நான்தான், அவன் இல்ல. கண்ணாடில நீங்க பாத்தது அம்புட்டும் உண்மை. என்னைய மன்னிச்சிருங்க."

மெழுகுவத்தி ஏற்றிக்கொண்டிருந்த பக்கத்துக் குடும்பம் திரும்பிப் பார்த்தது. பையனுக்கு மானம் போய்விட்டது. "அம்மா, எந்துக்கு அலா அருஸ்துன்னாவ்?" என்றான், ஏன் இப்படிக் கத்துகிறாய் என்று.

"ஆன்ட்டிக்கு ஒரு காது கேக்காது. அந்தப் பக்கம் நின்னு சொன்னா கேக்காது. இந்தப் பக்கம்தான் கேக்கும்."

தான் நின்றுகொண்டிருந்த இடத்தைக் குனிந்து பார்த்தான். அன்றைக்கு நீங்கள் மேஜையில் உங்கள் விரலைக் குனிந்து பார்த்தீர்களே, அதே மாதிரி. பிறகு நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தான். நான் அழுதுகொண்டிருந்தேன். துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொள்ளக் கை போனது. வேண்டாம், பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.